குடை அப்பாவை வெளியே அனுப்பிய நாள்

அத்தியாயம் பதினொன்று

பாலில் ஊறிய ரொட்டியை ஸ்பூனின் நுனியில் எடுத்து, சிட்டுவின் உதட்டோரம் வைத்துக் காத்திருந்தாள் ஊஞ்சலம்மா.

சிட்டுவுக்குச் சாப்பாடு கொடுப்பது அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. கழுத்து நேராக இருக்க வேண்டும். வாய் தானாகத் திறக்க வேண்டும். முதல் வாய் முழுசாக இறங்கிய பிறகுதான் இரண்டாவது. அந்தப் பொறுமை அந்த வீட்டில் எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது.

பழகாதது போன். சமையல் மேடையில் கிடந்து, டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி காலையிலிருந்து உறுமிக்கொண்டே இருந்தது.

"அதை எங்கயாவது தூக்கிப் போடேன். கேட்டுக் கேட்டு எனக்கே நடுங்குது" என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"தூக்கிப் போட்டா உறுமறது நின்னுடுமா? போட்ட இடம் உறுமும்."

சிட்டு மெதுவாக விரலை நீட்டினாள். படத்தைத் தொட்டால் அவளுக்காகப் பேசுகிற டேப்லெட் முன்னால் சாய்ந்திருந்தது; அதன் மேல் பொருத்திய கட்டத் தட்டின் ஓட்டை வழியாக ஒரு படத்தைத் தொட்டாள்.

"போதும்" என்றது டேப், செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில்.

"பாத்தியா? என் பொண்ணே சொல்லிட்டா."

"அவ ரொட்டியைச் சொல்றா."

வாராவாரம் இந்த வீட்டுக்குள் வந்துபோகிறவர்களுக்கு 'மடி'யைத் தெரியும். இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வாய் வார்த்தை சொல்லிவிடலாம். நடக்க முடியாத, பேச முடியாத, மற்றப் பிள்ளைகளைப் போல் வளராத பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடுகிற இடம் அது. சுவரும் கூரையும் கிடையாது. போனுக்குள் இருக்கிற ஒரு குழு. ஆரம்பித்தவள் இவள். அங்கே யாருக்கும் பெயர் இல்லை. பிள்ளைக்கு எது பிடிக்குமோ அதுதான் பெற்றவருக்குப் பெயர். சிட்டுவுக்கு ஊஞ்சல் என்றால் உயிர். ஆகையால் இவள் ஊஞ்சலம்மா. பட்டாணியை நாளெல்லாம் வரிசையாக அடுக்குகிற பையனின் தாய், பட்டாணியம்மா. ரயில் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறவனின் தாய், ரயிலம்மா.

உள்ளே வர ஒரு வழக்கம் உண்டு. சர்டிபிகேட் வேண்டாம், போட்டோ வேண்டாம். வருகிறவர் தன் குரலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்த வாரம் உங்கள் பிள்ளை எதற்குச் சிரித்தது? வேடிக்கை பார்க்க வருகிறவன் அந்தக் கேள்வியில் தடுக்கி விழுவான். பெற்றவர்கள் விழமாட்டார்கள். அதை வைத்துத்தான் இத்தனை காலம் வாசலைக் காத்துவந்தாள்.

போன வாரம் அந்த வாசலை யாரோ உடைத்துவிட்டார்கள்.

ரயிலம்மா ஒரு நாள் மனசு விட்டு எழுதியிருந்தாள். "எல்லாத்தையும் போட்டுட்டு எங்கயாவது போயிடலாமான்னு இருக்கு. இவன் முகத்தைப் பாக்கவே பிடிக்கல. அப்புறம் தூங்கும்போது பாத்துட்டு, என்னை மன்னிச்சுடுடான்னு காலைப் பிடிச்சுட்டு அழறேன்." அது எப்படியோ வெளியே போயிற்று. வீடியோ போடுகிற ஒருவன் கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டு, சோகமான இசையைப் பின்னால் ஓடவிட்டு, 'இவளும் ஒரு தாயா?' என்று தலைப்புக் கொடுத்துவிட்டான். ஊரெல்லாம் பார்த்தது. ரயிலம்மாவின் மாமியாரும் பார்த்தார். எழுதியதற்கு மேலே இருந்த 'ரயிலம்மா' என்ற பெயர் போதாதா, வீட்டு ஆளுக்கு?

"எங்க வீட்டுல தெரிஞ்சு போச்சு" என்று குழுவில் ஒரே ஒரு வரி எழுதினாள் ரயிலம்மா. அதோடு சரி. எழுத்தும் இல்லை, பேச்சும் இல்லை, போன் போட்டால் எடுப்பதும் இல்லை.

உள்ளே இருக்கிற யாரோ ஒருவர்தான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். யார்?

போன் மறுபடி உறுமியது. குழுவில் எழுதப் பயந்து ஆளாளுக்குத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்; இது பட்டாணியம்மாவின் குரல். அவள் பேசினால் குரலே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும்.

"ஊஞ்சல், நான் சுத்தி வளைச்சுப் பேசமாட்டேன். புதுசா வந்தது ஒரே ஆளு. அந்தக் குடை. வாசல் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லாத ஒரே ஆளும் அவர்தான். நீதான் பாவம் பாத்து உள்ள விட்ட. இப்போ நீதான் வெளிய விடணும். இங்க ஒருத்தர் மூச்சு விடல, பாத்தல்ல? வாயைத் திறந்தா நாளைக்கு வீடியோவுல வருமோன்னு எல்லாரும் உறைஞ்சு போயிருக்காங்க. நேத்து என் பையன் சுவத்துல தலையை முட்டிக்கிட்டான். எழுதப் போயிட்டு அழிச்சுட்டேன். நானே அழிச்சேன்னா பாத்துக்கோ."

குடை அப்பா பேக்கரியில் அடுப்படி வேலை பார்க்கிறவர். மனைவி இல்லை. வீட்டுக்குள்ளும் குடையை விரித்தபடியே நடக்கிற பையனைத் தனி ஆளாக வளர்க்கிறார். வாசல் கேள்விக்கு அவர் சொன்ன பதில் இதுதான்: "இந்த வாரம் சிரிக்கலைங்க. போன மாசம் சிரிச்ச மாதிரியும் ஞாபகம் இல்லைங்க." பொய் சொல்லி நுழைகிறவன் இப்படிச் சொல்லமாட்டான் என்று அன்றைக்கு ஊஞ்சலம்மாவுக்குத் தோன்றியது. கதவைத் திறந்துவிட்டாள்.

இப்போது அவளுக்கே சந்தேகம். நம்பிக்கை வைத்ததா தப்பு?

"ஏங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

கணவன் பை ஜிப்பை இழுத்தான். "லிஃப்ட்ல ஒரு மாதிரி சத்தம் கேக்குதுன்னு வை. எங்க இருந்து வருதுன்னு அப்புறம்தான் தேடுவோம். முதல்ல உள்ள இருக்கற ஆளை இறக்கிடுவோம். அந்த ஆளை இறக்கிட்டுப் பாரு."

"அவரா இல்லாம இருந்தா?"

"இருந்தா மறுபடி ஏத்திக்கோ. என்ன குறைஞ்சுடப் போகுது?"

சிட்டுவின் வாயைத் துடைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பார். கேட்ட பிறகு வெளியே அனுப்பக் கை வராது. அதற்குப் பயந்தே கேட்கவில்லை. 'நீக்கவா?' என்று செயலி கேட்டது. ஆமாம் என்று தொட்டாள்.

குடை அப்பா நீக்கப்பட்டார் என்று ஒரு சாம்பல் நிற வரி வந்து விழுந்தது. அதன் கீழே கைகூப்புகிற படங்கள் வரிசையாக வந்தன.

சற்று நேரத்தில் அவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி. கோபமாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தாள்.

"சரிங்க. எல்லாரும் பயந்திருப்பீங்க, புரியுது. நான் இல்லைங்க. நேத்து அவன் சிரிச்சான். மாவு மூட்டை என் கையிலருந்து நழுவி என் தலை எல்லாம் வெள்ளையாயிடுச்சு, அதுக்கு. இன்னைக்கு உங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்னு இருந்தேன்."



*

கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஊஞ்சலம்மாவுக்கு வேலை. லென்ஸில் நடுப்புள்ளி வைப்பது, சக்கரத்தில் தேய்த்துச் சட்டத்தின் அளவுக்குக் கொண்டுவருவது, திருகை முடுக்குவது. ஒரு மயிரிழை கோணினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தரை சாய்ந்து தெரியும். கையும் மனசும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய வேலை. இன்றைக்குக் கை இங்கே, மனசு ஒரு பேக்கரி அடுப்படியில்.

"ஏம்மா, இங்க வா. இதைப் பாத்தியா?"

முதலாளி முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை முழுக்க அந்த வீடியோ, அதில் ரயிலம்மா எழுதியதைப் பிடித்த படம்.  இவருமா? இவரும் திட்டப் போகிறாரா?

"இந்தப் பொண்ணைத் திட்டறதுக்கு எத்தனை பேரு பாரு. கீழ முழுக்கத் திட்டுதான். ஒரு வேளை நான் வந்து பிள்ளையைப் பாத்துக்கறேம்மா, நீ போய்த் தூங்குன்னு ஒருத்தன் எழுதல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நம்ம சிட்டுவை நெனச்சேன். அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

 ஆறுதல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நமக்கு எப்போதும் தெரிவதில்லை. ஆண்டவன் அதை நம்மிடம் முன்கூட்டிச் சொல்வதும் இல்லை.

"அது சரி, இது என்ன குறுக்கும் நெடுக்குமா கோடு? ஜன்னல் கம்பி நிழலா?" என்றார் முதலாளி.

அந்தப் படத்தை அவள் இதுவரை நேராகப் பார்க்கவில்லை. வீடியோ வந்த அன்று குரலைக் கேட்டதுமே அணைத்துவிட்டாள். இப்போது குனிந்து பார்த்தாள்.

எழுத்துகளின் மேல் மங்கலாகக் கட்டங்கள். கட்டங்களின் விளிம்பில் வெளிச்சம் பட்டு மின்னுகிறது. நிழல் மின்னாது. அது தடித்த, ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக்கின் விளிம்பு. வலது மேல் மூலையில் ஒரு கட்டம் மட்டும் மற்றவற்றைவிடப் பெரியது. அதன் ஓரம் கொஞ்சம் சரிந்திருந்தது.

அந்தச் சரிவு அவளுக்குத் தெரியும். அவள் கையால் அராவியது.

சிட்டுவின் விரல் ஒரு படத்தைத் தொடப் போய் இன்னொன்றின் மேல் வழுக்கும். அதற்காக இதே கடையின் பின்னறையில், முதலாளியிடம் கேட்டு, ஒரு பிளாஸ்டிக் தகட்டில் ஓட்டை ஓட்டையாக வெட்டி டேப்பின் மேல் பொருத்தினாள். வலது மூலையில் இருப்பது 'அம்மா' படம். அங்கேதான் விரல் அதிகம் வழுக்கும். அதனால் அந்த ஓட்டையைப் பெரிசாக்கினாள். அராவும்போது கை சாய்ந்துவிட்டது.

உலகத்தில் அப்படி ஒரு தட்டு ஒன்றுதான் இருக்கிறது. அது அவள் வீட்டில் இருக்கிறது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

'மடியை அவரவர் போனில் மட்டும் திறக்கவும். வீட்டில் பொதுவாகக் கிடக்கிற எதிலும் வேண்டாம்.' குழுவின் முதல் விதி. எழுதியவள் அவள். முன்பு போன் திரை உடைந்து ரிப்பேருக்குப் போனபோது, திரும்பி வரும்வரைதானே என்று சிட்டுவின் டேப்பில் குழுவைத் திறந்தாள். போன் வந்தது. டேப்பில் மூட மறந்தாள்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாசலைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்தவள், தன் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருந்தாள்.

பகலில் அந்த டேப்போடு சிட்டு பக்கத்தில் இருப்பது ஒரே ஆள்.

"ஐயா, நான் வீட்டுக்குப் போகணும்."

முதலாளி ஏன் என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். "போயிட்டு வா. மீதி லென்ஸை நான் தேய்ச்சுக்கறேன். ரொம்ப நாளாச்சு, கை மறந்துடுச்சான்னு பாக்கறேன்."

*

அண்ணி, கணவனின் அக்கா. சிட்டு பிறந்ததிலிருந்து பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொள்கிறவள். இடுப்பு வலியோடு தூக்குவாள், குளிப்பாட்டுவாள், கைகால் பிடித்துவிடுவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஊஞ்சலம்மா உள்ளே வந்தபோது அண்ணி சிட்டுவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, இந்த நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அண்ணி, அந்த டேப்பைக் குடுங்க."

"அவ பேசிட்டிருக்காளே. இப்பத்தான் என்னைக் குண்டுன்னு சொன்னா."

"குடுங்க அண்ணி!"

பதிலுக்குக் காத்திராமல் இழுத்துக்கொண்டாள். சிட்டுவின் விரல் காற்றில் நின்றது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அடிபட்ட சத்தம். அப்போதுதான் ஊஞ்சலம்மாவுக்கு உறைத்தது. பிள்ளையின் வாயைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். சட்டென்று டேப்பைத் திரும்ப வைத்து, அவள் கன்னத்தைத் தடவினாள். குரல் இறங்கியது.

"இதுல என் குழுவைத் திறந்து பாத்தீங்களா, அண்ணி?"

அண்ணியின் கையில் சீப்பு நின்றது.

"அது... டிங்குனு சத்தம் வரும். என்னவோன்னு தொட்டேன். முதல் தடவை தெரியாமத்தான் கண்ணு. அப்புறம்... தொடர்கதை மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பட்டாணிப் பையனுக்கு ஜுரம் விட்டுச்சா, பலூன் பொண்ணுக்கு ஆபரேஷன் எப்படி ஆச்சுன்னு மனசு அடிச்சுக்கும். உன்கிட்ட கேக்க முடியுமா? அதான் நானே பாத்துக்குவேன்."

"ரயிலம்மா எழுதினது?"

"ஐயோ, அந்தப் பொண்ணு!" அண்ணியின் கண் உடனே கலங்கியது. "அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல. நான் பிரார்த்தனைக்குப் போவேன்ல, அங்க என்கூட உக்கார்றவங்களுக்குப் போட்டோ புடிச்சு அனுப்பினேன். இந்தப் பொண்ணுக்காக எல்லாரும் வேண்டிக்குங்கன்னு. அவ்வளவுதான். நல்லதுக்குத்தானே..."

"ஊரெல்லாம் ஓடிட்டிருக்கறது உங்க போட்டோ, அண்ணி."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் சுருங்கிப் போயிற்று.

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல கண்ணு. எல்லாரும் நல்லவங்க."

"நல்லவங்க நல்லவங்களுக்கு அனுப்பியிருப்பாங்க. எல்லாரும் கும்பிடச் சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க. எங்கயோ ஒருத்தன் கைக்குப் போயிருக்கு. அவ வீட்டுல தெரிஞ்சு, அவ இப்ப உயிரோட இருக்காளா, எங்க இருக்கான்னே தெரியல. நான் இன்னைக்குக் காலைல ஒரு பாவமும் அறியாத மனுஷனைத் துரத்திவிட்டேன்!" மூச்சு வாங்கியது. "ஒரு பொண்ணு கஷ்டப்படறா, வேண்டிக்குங்கன்னு சொன்னாப் போதாதா? சாமிக்கு எந்தப் பொண்ணுன்னு தெரியாதா அண்ணி? போட்டோவா வேணும்?"

அண்ணி வாயைத் திறந்தாள்.

"பாத்ரூம்" என்றது டேப், தெளிவாக, செய்தி வாசிக்கிற குரலில்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். சிட்டு அவர்களை மாறி மாறிப் பார்த்தாள். "பாத்ரூம். பாத்ரூம்."

சண்டைக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் நேரம். ஊஞ்சலம்மா கக்கத்தில் கை கொடுத்தாள். அண்ணி முழங்காலுக்கடியில் கை கொடுத்தாள். எண்ணாமல், சொல்லாமல், ஒரே மூச்சில் இருவரும் தூக்கினார்கள். குறுகலான கதவில் அண்ணி பின்பக்கமாக நடந்தாள். தலை இடிக்காமல் ஊஞ்சலம்மா ஒரு கையால் காத்தாள். வருஷக்கணக்காகத் தினமும் இப்படித்தான். கோபம் வேறு, பிள்ளையின் எடை வேறு.

திரும்ப நாற்காலியில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டிய பிறகு அண்ணி செருப்பைத் தேடினாள்.

"எங்க அண்ணி?"

"யார் யாருக்கு அனுப்பினேனோ அவங்க வீட்டுக்கு. என் கண்ணு முன்னால அழிக்கச் சொல்றேன். அவங்க யாருக்கு அனுப்பினாங்கன்னு கேட்டு அங்கயும் போறேன்."

"ஊர்பூரா போயாச்சு. இப்ப அழிச்சு என்ன?"

"தெரியும். இருந்தாலும் நான் போகணும்ல?" கதவருகே நின்றாள். "அந்தக் குடைத் தம்பி... அவர் பையன் சிரிச்சானா?"

ஊஞ்சலம்மா டேப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். டேப்பில் குழுவை மூடினாள். அழித்தாள். அழித்ததைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள்.

*

விஷயத்தைப் போனில் கேட்ட கணவன் சாயங்காலம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டான். பையை இறக்கக்கூட இல்லை.

"யார்கிட்டயும் சொல்லலியே?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத." நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். "நான் சொல்றதைக் கேளு. டேப்ல அழிச்சாச்சு. ஓட்டையை அடைச்சாச்சு. இனிமே ஒண்ணும் போகாது. அக்கா வேணும்னு பண்ணல. அந்தக் குடைக்காரரை ரெண்டு நாள் கழிச்சுச் சேத்துக்கோ, தப்பா நெனச்சுட்டோம்னு சொல்லு. அது பொய்யில்லையே?"

"பொய்யில்லதான்."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? உன்னை நம்பி எவன் எழுதுவான்? குழு கலைஞ்சுடும். ராத்திரி பகல் பாக்காம நீ கட்டினது. அந்த ஜனங்க எங்க போவாங்க? அவங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். கெட்ட யோசனையாக இருந்தால் ஒரே தள்ளாகத் தள்ளிவிடலாம்.

அவள் போனை அவன் பக்கம் திருப்பினாள். காலைவரை உறைந்து கிடந்த குழு இப்போது ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. பட்டாணியம்மா சுவரில் முட்டிய கதையை எழுதியிருந்தாள். பலூனம்மா, தன் தாய்கூட 'இந்தப் பிள்ளை உனக்கு எதுக்கு' என்று கேட்டதை முதல் முறையாக எழுதியிருந்தாள். 'இப்பத்தான் நிம்மதியா இருக்கு' என்று யாரோ. 'ஊஞ்சலம்மா இருக்கற வரைக்கும் நமக்குப் பயமில்ல' என்று இன்னொருவர்.

"பாருங்க. குடை அப்பாதான் திருடன், அவரைத் துரத்தியாச்சுன்னு நம்பித்தான் இதெல்லாம் வருது. பொய்யான கதவுக்குப் பின்னால உக்காந்து மனசைத் திறக்கறாங்க. நான் பாத்துட்டு சும்மா இருக்கணுமா?"

அவன் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான்.

"காலைல சொன்னீங்களே, சத்தம் கேட்டா ஆளை இறக்கிடுவோம்னு. எங்க பழுதுன்னு தெரிஞ்சதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க?"

அவன் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டான். சிட்டுவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"பழுதுன்னு எழுதி வாசல்ல மாட்டுவோம்" என்றான் கடைசியில், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "அக்கா பேரு மட்டும்..."

"பேரு சொல்லமாட்டேன். பழி என் பேருலதான் வரும்."

எழுத்தாக அனுப்ப மனசு வரவில்லை. குரலில் பேசினாள்.

"நான் ஊஞ்சலம்மா. ரயிலம்மா எழுதினது வெளிய போனது என் வீட்டுலருந்து. என் பொண்ணு பேசற டேப்புல நான் குழுவைத் திறந்துட்டு மூடாம விட்டேன். நான் எழுதின விதியை நானே மீறினேன். வீட்டுல ஒருத்தர் படிச்சுட்டு, ரயிலம்மாவுக்காகப் பிரார்த்தனை பண்ணச் சொல்லி அனுப்பிட்டாங்க. கெட்ட எண்ணம் இல்ல. ஆனா நடந்தது கெட்டதுதான். குடை அப்பா எந்தத் தப்பும் பண்ணல. ஒரு வார்த்தை கேக்காம அவரை வெளிய அனுப்பினேன். இந்த நிமிஷத்துலருந்து நான் அட்மின் இல்ல. பட்டாணியம்மா கையில எல்லாத்தையும் குடுத்துட்டேன். என்ன செய்யணுமோ செய்யுங்க. ரயிலம்மா, நீங்க இதைக் கேட்டா... எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

அனுப்பினாள்.

குழு அப்படியே நின்றது. பிறகு ஒரு சாம்பல் வரி: ஒருவர் வெளியேறினார். இன்னொருவர். பலூனம்மா வெளியேறினார். ஒவ்வொரு வரிக்கும் கணவன் கண்ணை மூடித் திறந்தான்.

போன் அடித்தது. பட்டாணியம்மா.

"கேட்டேன்" என்றாள். இடுப்பில் வைத்திருந்த கையை அந்தக் குரல் இறக்கியிருந்தது. "நான் உன்னை வெளிய அனுப்பணும், ஊஞ்சல். காலைல அந்த மனுஷனுக்கு ஒரு நியாயம், சாயங்காலம் உனக்கு ஒரு நியாயமா?"

"அனுப்புங்க. அதுக்குத்தான் குடுத்தேன்."

"எப்ப திரும்ப வரலாம்னு எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும். நான் தனியா சொல்லமாட்டேன்."

"சரி."

"அழறியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. எனக்கே இங்க மூக்கு அடைச்சிருக்கு." உறிஞ்சும் சத்தம். "குடை அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டு, நானே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நான்தானே ரொம்பக் கத்தினேன். பாத்துட்டார். பதில் இல்ல."

கொஞ்ச நேரத்தில் மடி அவள் போனிலிருந்து மறைந்தது. எத்தனையோ வருஷமாக உறுமிக்கொண்டிருந்த பொருள், சமையல் மேடையில் வெறும் கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. சிட்டுவுக்கு ரொட்டி ஊறவைக்கப் பாலைச் சுடவைத்தாள். அடுப்பின் சத்தம் அவ்வளவு பெரிதாக அதுவரை கேட்டதில்லை.

அண்ணி வந்தபோது விளக்குப் போட்டாகிவிட்டது. முகமெல்லாம் வியர்வை. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தரையில் உட்கார்ந்தாள்.

"நிறையப் பேரு அழிச்சுட்டாங்க. ஒருத்தி அழுதா. ஒருத்தி, நீதானே அனுப்பினன்னு கதவைச் சாத்திட்டா. அவ சொன்னதும் சரிதானே?" தன் தம்பி கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். "கண்ணு, நான் இனிமே வரட்டுமா, வேண்டாமா?"

"என்ன கேள்வி அண்ணி இது? சிட்டுவை நான் ஒத்தையாத் தூக்குவேனா?"

அப்போதுதான் போன் அடித்தது. ஊஞ்சலம்மா தாவி எடுத்தாள். எத்தனையோ தடவை கூப்பிட்டும் எடுக்காத எண்.

"ரயிலம்மா? நீங்களா? நல்லாயிருக்கீங்களா? பையன்...?"

"இருக்கோம்." மெல்லிய குரல், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று பேசுகிற குரல். "போனை இப்பத்தான் என்கிட்ட குடுத்தாங்க. நீங்க பேசினதைக் கேட்டேன்."

"நான் உங்ககிட்ட எப்படி..."

"அதெல்லாம் அப்புறம். ஒண்ணே ஒண்ணு தெரியணும். வீட்டுல ஒருத்தர்னு சொன்னீங்களே, அவங்க பக்கத்துல இருக்காங்களா? எனக்காகக் கும்பிடச் சொன்னவங்க?"

ஊஞ்சலம்மா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி போனை வாங்கினாள்.

"நான்தாம்மா" என்றாள்.

"கும்பிட்டீங்களா?"

"என்னம்மா?"

"எல்லாரும் திட்டினாங்க. என் வீட்டுல, ஊருல, முகம் தெரியாதவங்க எல்லாரும். எனக்காகன்னு யாராவது கும்பிட்டாங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அண்ணியின் உதடு அதற்குத் தயாராவதை ஊஞ்சலம்மா பார்த்தாள். பெருமூச்சோடு அது மாறியதையும் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றாள் அண்ணி. "எல்லாரையும் கும்பிடச் சொன்னேன். யாரு பதில் போட்டாங்க, யாரு போடலன்னு பாத்துட்டே இருந்தேன். நான் கும்பிடல. இன்னைக்கு வீடு வீடா நடக்கும்போதுதான் அது எனக்கு ஞாபகம் வந்துச்சு. நடந்துட்டேதான் கும்பிட்டேன். இன்னைக்குத்தான்."

அந்தப் பக்கம் ஒரு பையன் வாயால் ரயில் ஓட்டுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

"நாளைக்குக் காலைல எங்க வீட்டுக்குப் பெரியவங்க எல்லாம் வராங்க" என்றாள் ரயிலம்மா. "பையனை என்கிட்ட விடலாமா, கூடாதான்னு பேசறதுக்கு. என் பக்கம் பேச ஒருத்தரும் இல்ல."

அண்ணி சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"எந்த வீடும்மா? சொல்லு. நான் வந்து சொல்றேன், அந்த ஆளு வெட்டின கடைசி வரி என்னன்னு. நான் படிச்சிருக்கேன்ல?"

ரயிலம்மா மடிக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிறது. ஊரைச் சொன்னதில்லை, தெருவைச் சொன்னதில்லை. ஊஞ்சலம்மாவிடம்கூட.

இப்போது, தயங்கித் தயங்கி, தன்னைக் காட்டிக்கொடுத்தவளிடம் அவள் வழி சொல்லத் தொடங்கினாள்.

அண்ணியின் தம்பி பேனாவை நீட்டினான். அண்ணி அதை வாங்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெருவையும் திருப்பத்தையும் கதவின் நிறத்தையும் உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லி, மனசுக்குள் மட்டும் வாங்கிக்கொண்டாள்.